கடலோர வெயிலுக்குக் கெட்டியான ஆயில் தேவையா?

கேள்வி: என் பெட்ரோல் காரின் கையேடு 5டபிள்யூ-30 ஆயிலைக் குறிப்பிடுகிறது, இவ்வூர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் தாங்கும் என்கிறார் மெக்கானிக். எதை ஊற்றுவது?
- வாசகர், மண்டபம்

பதில்: கையேடு சொல்வதையே ஊற்றுங்கள். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்நிலையில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய பின் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் அமைப்பு சீராக இருக்கும்வரை, எஞ்சினின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலோ, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், பாகங்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் கொண்ட இக்கால எஞ்சினின் மேற்பகுதியை எட்டத் தாமதிக்கும். தேய்மானம் மிகுவது அப்போதுதான்.

எனக்குக் கவலை தருவது வெயிலன்று, குறுகிய ஓட்டமே. கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பும் வண்டியில் ஆயில் முழுமையாகச் சூடேறாததால், எரிபொருள் எரிந்து உண்டாகும் நீர் அதிலேயே தங்கிவிடும். ஆகவே, கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும், கையேட்டின் காலக்கெடுவிலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள்.