புதுமுக ரன்னிங் பேக்கை எடைபோடுவது எப்படி?

கேள்வி: பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் (அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி பெறும் போட்டி) டைனஸ்டி முறையில் நடக்கிறது, எடுத்த வீரரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளி உண்டு. வரவிருக்கும் ரூக்கி டிராஃப்டில் (புதுமுக வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) எனக்கு முதல் சுற்றில் ஐந்தாவது தேர்வும், மூன்றாவது சுற்றில் இரண்டு தேர்வுகளும் இருக்கின்றன. இதுவரை ஹைலைட் வீடியோக்களையும் நாற்பது யார்டு ஓட்ட நேரத்தையும் பார்த்துத்தான் ரன்னிங் பேக்குகளை (பந்தை ஏந்தி ஓடும் வீரர்களை) எடுத்து வந்தேன். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியது. எதை முதலில் பார்க்க வேண்டும்? அவர் போய்ச் சேரும் அணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் தரலாம்?

பதில்: ஃபேன்டஸி ஆட்டத்தில் ரன்னிங் பேக்குக்குப் புள்ளிகள் கிடைப்பது முதலில் வாய்ப்பினால், திறமை அதற்குப் பிறகுதான் கணக்கில் வருகிறது. ஆகவே "இவர் எவ்வளவு அழகாக ஓடுகிறார்" என்பதைப் பின்னுக்குத் தள்ளி, "பந்து எத்தனை முறை இவர் கைக்கு வரும், மைதானத்தின் எந்த இடத்தில் வரும், எத்தனை ஆண்டுகளுக்கு வரும்" என்று கேளுங்கள். ஹைலைட் வீடியோ இந்த மூன்றில் எதற்குமே விடை சொல்வதில்லை.

வாய்ப்பைக் கணிக்க நமக்குக் கிடைக்கும் மிக நம்பகமான ஒற்றைத் தகவல், என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) டிராஃப்டில் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே. முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரை எடுக்கும் அணி, அவருடைய திறமையைப் பற்றிய தன் கருத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் முதல் சில வாரங்களில் சறுக்கினாலும் மீண்டும் மீண்டும் களமிறக்குவோம் என்ற உறுதியையும் சேர்த்தே சொல்கிறது. 2012இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் மூன்றாவது தேர்வாக எடுத்த டிரெண்ட் ரிச்சர்ட்சன் இதற்குச் சரியான சான்று. முதல் ஆண்டில் அவர் ஓடியது 950 யார்டுகள். ஒரு கேரிக்கு (பந்தோடு ஓடும் ஒரு முயற்சிக்கு) சராசரி 3.6 யார்டு மட்டுமே, அதாவது சாதாரண வீரருக்கும் கீழான நிலை. ஆனாலும் அணி அவருக்கு 267 கேரிகளைக் கொடுத்தது, 51 பாஸ்களைப் பிடிக்க வைத்தது, ஓட்டத்தில் மட்டும் 11 டச் டவுன்கள் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) வந்தன. ஃபேன்டஸியில் அவர் அந்த ஆண்டின் முன்னணி ரன்னிங் பேக்குகளில் ஒருவராக முடித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே அவரை பிரவுன்ஸ் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கைமாற்றியது. 2014க்குப் பிறகு அவர் என்.எஃப்.எல். தொடர் ஆட்டம் எதிலும் ஆடவில்லை. முதல் ஆண்டுப் புள்ளிகளை வாய்ப்பே தந்துவிடும், ஆனால் அதைத் தாண்டி நிலைக்க திறமை வேண்டும். டைனஸ்டியில் விளையாடும் நீங்கள் இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

இதை ஓர் உண்மை உதாரணத்தோடு நிதானமாகப் பார்ப்போம். 2020 டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசித் தேர்வான 32ஆவது இடத்தில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தின் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரை எடுத்தது. முதல் சுற்றில் போன ஒரே ரன்னிங் பேக் அவர்தான். ஒன்பது இடங்கள் தள்ளி, 41ஆவது தேர்வில், விஸ்கான்சினின் ஜோனதன் டெய்லரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது; அதுவும் 44ஆவது இடத்திலிருந்து மூன்று இடம் முன்னேறுவதற்குக் கூடுதல் விலை கொடுத்து எடுத்தது. அந்தக் கோடையில் ரூக்கி டிராஃப்டுகள் பலவற்றில் முதலில் போனவர் எட்வர்ட்ஸ்-ஹெலேர். காரணங்கள் வலுவாகவே தோன்றின. சீஃப்ஸ் அப்போதைய சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) சாம்பியன், குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ், பயிற்சியாளர் ஆண்டி ரீட். கல்லூரிக் கடைசி ஆண்டில் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 55 பாஸ்களைப் பிடித்திருந்தார். போதாக்குறைக்கு, அவருக்கு முன்னால் நின்றிருந்த டேமியன் வில்லியம்ஸ் கொரோனா காரணமாக அந்த ஆண்டு ஆடுவதில்லை என்று விலகிக்கொண்டார். டெய்லருக்கோ எதிர்மாறான சூழல்: கோல்ட்ஸில் முந்தைய ஆண்டு 1,091 யார்டுகள் ஓடிய மார்லன் மேக் இருந்தார், பாஸ் பிடிக்க நைஹிம் ஹைன்ஸ் இருந்தார், டெய்லரே மூன்று கல்லூரி ஆண்டுகளில் மொத்தம் 42 பாஸ்கள்தான் பிடித்திருந்தார்.

நடந்தது என்ன? மேக் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து அந்த ஆண்டு முழுவதும் வெளியேறினார். டெய்லர் 1,169 யார்டுகளும் 11 ஓட்ட டச் டவுன்களும் எடுத்தார். மறு ஆண்டு 1,811 யார்டுகள், 18 ஓட்ட டச் டவுன்கள் என்று லீக்கையே ஆண்டார். எட்வர்ட்ஸ்-ஹெலேர் முதல் ஆட்டத்தில் 138 யார்டுகள் ஓடி நம்பிக்கை ஊட்டினாலும், அக்டோபரில் அணி லெவியன் பெல்லை அழைத்து வந்து சுமையைப் பங்கிட்டது. ஆண்டு முடிவில் அவர் கணக்கு 803 யார்டுகள், 4 ஓட்ட டச் டவுன்கள். எனக்கு மிக முக்கியமாகப் படும் எண் வேறு. பாஸ் பிடிப்பதில்தானே எட்வர்ட்ஸ்-ஹெலேர் முன்னால் நிற்பார் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள்? இருவரும் அந்த ஆண்டு பிடித்தவை தலா 36. மஹோம்ஸ் தொலைவில் எறிவதை விரும்புபவர், பந்தைப் பிடிக்க டிராவிஸ் கெல்சியும் டைரீக் ஹில்லும் இருந்தார்கள். அருகில் நிற்கும் ரன்னிங் பேக்குக்குப் பந்து சிதறி வர வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

இதில் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. ஓராண்டு லீக்கில் அணியின் சூழல் பெரிதும் கணக்கில் வரும். டைனஸ்டியில் அதற்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவான எடையே கொடுக்க வேண்டும், ஏனெனில் மே மாதம் நீங்கள் பார்க்கும் வீரர் வரிசை பெரும்பாலும் அக்டோபரில் அப்படியே இருப்பதில்லை. 2017இல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் மூன்றாவது சுற்றில் ஆல்வின் கமாராவை எடுத்தபோது அங்கே மார்க் இங்க்ரமும் ஏட்ரியன் பீட்டர்சனும் இருந்தார்கள். நெரிசல் என்று பலரும் ஒதுங்கினார்கள். அக்டோபரில் பீட்டர்சன் அரிசோனாவுக்கு அனுப்பப்பட்டார். கமாரா 120 கேரிகளில் 728 யார்டுகளும், 81 கேட்சுகளில் 826 யார்டுகளும் எடுத்து அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்ட ரூக்கி விருதைப் பெற்றார். உங்கள் லீக் விதிப்படி அந்த 81 கேட்சுகள், யார்டுகளைச் சேர்க்காமலேயே 81 புள்ளிகள். ஓடி மட்டும் அதைச் சம்பாதிக்க வேண்டுமானால் 810 யார்டுகள் வேண்டும். கல்லூரியில் பாஸ் பிடித்த அனுபவத்தை நான் ஓட்ட யார்டுகளுக்கு முன்னால் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

சூழலில் ஒன்றை மட்டும் டைனஸ்டியிலும் விடாமல் பாருங்கள்: எண்ட் ஸோனுக்கு (டச் டவுன் எடுக்கும் எல்லைப் பகுதிக்கு) அருகே குவாட்டர்பேக் தானே பந்தோடு நுழைபவரா என்பது. 2023இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் டியாண்ட்ரே ஸ்விஃப்ட் 1,049 யார்டுகள் ஓடியும் ஓட்ட டச் டவுன்கள் ஐந்துதான்; குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் ஓடி எடுத்தவை 15. இத்தகைய குவாட்டர்பேக் நீண்ட ஒப்பந்தத்தில் இருப்பாரானால் அந்தக் குறை ஓராண்டில் தீராது.

இனி வேகத்துக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் பழைய வழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை, திருத்திக்கொண்டால் போதும். நாற்பது யார்டு நேரத்தைத் தனியாகப் பார்க்காமல் உடல் எடையோடு சேர்த்துப் பாருங்கள். பில் பார்ன்வெல் உருவாக்கிய ஸ்பீட் ஸ்கோர் இதற்கென்றே உள்ளது: பவுண்டில் எடையை 200ஆல் பெருக்கி, ஓட்ட நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும், 100 என்பது ஏறக்குறைய சராசரி. 226 பவுண்டு எடையோடு 4.39 விநாடியில் ஓடிய டெய்லருக்கு இது சுமார் 122. 207 பவுண்டில் 4.60 ஓடிய எட்வர்ட்ஸ்-ஹெலேருக்குச் சுமார் 92. இந்த இடைவெளியை அன்றே பெரிதாக மதித்திருந்தவர்கள் பயனடைந்திருப்பார்கள். ஆனால் இதையும் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. 2016 காம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில்) ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கீத் மார்ஷல் 219 பவுண்டு எடையில் 4.31 ஓடினார், கணக்குப் போட்டால் டெய்லரையும் மிஞ்சி 127 வரும். கல்லூரியிலேயே காயங்களால் ஆடாமல் போனவர், ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டு, என்.எஃப்.எல். தொடர் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. மறுபுறம், 2024இல் டாம்பா பே நான்காவது சுற்றில் எடுத்த பக்கி இர்விங் 192 பவுண்டு, 4.55 விநாடி, மதிப்பு 90ஐ ஒட்டியது. அவர் முதல் ஆண்டில் 1,122 யார்டுகள் ஓடி 47 பாஸ்களும் பிடித்தார். ஓரிகனில் கடைசி ஆண்டு 56 பாஸ்கள் பிடித்திருந்ததும், முதல் மோதலில் விழாத அவருடைய உடற்சமநிலையும் காம்பைன் அட்டவணையில் எழுதப்படுவதில்லை.

அந்த உடற்சமநிலையை அறிய, ஹைலைட் துணுக்குகளை விட்டுவிட்டு முழு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். கல்லூரியில் வரிசைத் தடுப்பாளர்கள் திறந்துவிட்ட அகன்ற இடைவெளியில் எழுபது யார்டு ஓடுவது, ஓடியவரைவிடத் தடுப்பாளர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு யார்டில் முடிந்திருக்க வேண்டிய ஓட்டங்களை: இடைவெளி அடைபட்டபோது அவர் என்ன செய்தார், இடுப்பைப் பிடித்தவரை உதறினாரா, விழும்போது முன்னோக்கி விழுந்தாரா. எதிராளி தொட்ட பிறகு எடுத்த யார்டுகள் என்ற புள்ளிவிவரம் இதைத்தான் அளக்கிறது. 2024இல் பாய்ஸி ஸ்டேட்டுக்காக ஆஷ்டன் ஜென்டி 374 கேரிகளில் ஓடிய 2,601 யார்டுகளை என்.எஃப்.எல். அணிகள் பெரிதாக மதித்து, மறு ஆண்டு ரெய்டர்ஸ் அவரை ஆறாவது தேர்வாக எடுத்ததற்கு, அந்த யார்டுகளில் பெரும்பகுதி மோதலுக்குப் பிறகு வந்தவை என்பதே தலையாய காரணம்.

முழு ஆட்டம் பார்க்கும்போது மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) கண்ணை அவர் மேலேயே வையுங்கள். எட்டு யார்டு தேவை, குவாட்டர்பேக் எறியப் பின்வாங்குகிறார், நடுவில் ஒரு லைன்பேக்கர் (எதிரணியின் தடுப்பாட்ட வீரர்) பாய்ந்து வருகிறார். அவரை ரன்னிங் பேக் பந்து எடுக்கப்படுவதற்கு முன்பே அடையாளம் கண்டு, ஓரடி முன்னேறி நெஞ்சோடு நெஞ்சாக நிறுத்துகிறாரா, அல்லது தோளால் உரசிவிட்டு ஒதுங்குகிறாரா? இரண்டாவது வகையினரை எந்தப் பயிற்சியாளரும் மூன்றாவது டவுனில் நிறுத்த மாட்டார். அந்த நேரத்தில்தான் கேட்சுகள் வருகின்றன. 2018இல் 38ஆவது தேர்வாகப் போன ரொனால்ட் ஜோன்ஸ், பாஸ் ஆட்டத்தில் தேறாதவர் என்ற ஐயத்தோடு வந்தார். முதல் ஆண்டில் அவருக்குக் கிடைத்தவை 23 கேரிகள், 44 யார்டுகள்.

ஆனாலும் உயர்ந்த இடத்தில் எடுக்கப்பட்டவர் முதல் ஆண்டில் தடுமாறினால் அவசரப்பட்டுக் கைகழுவாதீர்கள். 2015இல் 15ஆவது தேர்வான மெல்வின் கார்டன் முதல் ஆண்டில் 641 யார்டுகள் ஓடியும் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. மறு ஆண்டு 12 எடுத்தார். அணி நம்பிக்கை இழக்காத வரை, பிறர் நம்பிக்கை இழக்கும் அந்த இடைவேளையே குறைந்த விலைக்கு வாங்கும் நேரம்.

உங்கள் ஐந்தாவது தேர்வுக்கு என் பரிந்துரை இது. என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளில் போனவராகவும், கல்லூரியில் பாஸ் பிடிப்பதைத் தொழிலாகவே செய்தவராகவும், 205 பவுண்டுக்குக் குறையாதவராகவும் ஒரு ரன்னிங் பேக் கிடைத்தால், அணியில் இப்போது யார் இருந்தாலும் தயங்காமல் எடுங்கள். அப்படி யாரும் மிஞ்சவில்லையென்றால், தேவையை நினைத்து மூன்றாவது சுற்று ரன்னிங் பேக்கை இழுத்து முன்னால் கொண்டுவராதீர்கள். நல்ல ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவரை) எடுங்கள், அவர்களுடைய விளையாட்டு வாழ்வு பொதுவாக நீண்டது. கடுங்காயத்திலிருந்து மீண்டு வருபவரானால், முழங்கால் நிலையைப் பற்றிய செய்திகளைப் படித்த பிறகே முடிவெடுங்கள். 2014 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்த டாட் கர்லி மறு ஆண்டே 1,106 யார்டுகள் ஓடினார். 2023 நவம்பரில் அதே காயமுற்று, மறு ஆண்டு ரன்னிங் பேக்குகளில் முதலாவதாகப் போன ஜோனதன் புரூக்ஸ் மூன்றே ஆட்டங்களில் அதே முழங்காலை மறுபடி இழந்தார்.

மூன்றாவது சுற்றுத் தேர்வுகள் இரண்டிலும் கணக்கு தலைகீழ். அங்கே முன்னிற்பது அணியில் இருக்கும் காலியிடம். 2018இல் டென்வரில் ஃபிலிப் லிண்ட்ஸே, 2020இல் ஜாக்சன்வில்லில் ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய இருவரும் டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாதவர்கள். இருவரும் முதல் ஆண்டிலேயே ஆயிரம் யார்டைக் கடந்தார்கள். ராபின்சனுக்கு வழி திறந்தது ஆகஸ்ட் இறுதியில் லெனார்ட் ஃபோர்னெட்டை ஜாக்சன்வில் விடுவித்தபோது. 2022இல் 251ஆவது தேர்வாக வந்த ஐசையா பச்சேகோ, அதே எட்வர்ட்ஸ்-ஹெலேரின் இடத்தைப் பிடித்து 830 யார்டுகள் ஓடினார். ஆகவே முதல்நிலை வீரர் முப்பதை நெருங்கும், அல்லது ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் நிற்கும் அணிகளின் இளையவர்களை மூன்றாவது சுற்றில் எடுங்கள்; உங்கள் பட்டியலின் கடைசி இடம் ஒன்றை, அணிகள் ஆட்களைக் குறைக்கும் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை காலியாகவே வைத்திருங்கள்.