16எஸ் ஒரு பெயர், முழு மரபணுத்தொகுதி வேறு பெயர்: எதை நம்புவது?

வணக்கம். செத்த திலேப்பியா மீனில் எடுத்த பாக்டீரியாவை 16எஸ் சோதனை (16எஸ் என்ற ஒரே மரபணுவைப் படித்து இனம் காண்பது) ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்கிறது, முழு மரபணுத்தொகுதி ஒப்பீடோ ஏரோமோனாஸ் வெரோனி என்கிறது, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். வெரோனி என்றே எழுதுங்கள்.

ஏரோமோனாஸ் இனங்களுக்குள் 16எஸ் வரிசை கிட்டத்தட்ட ஒன்றேதான். போதாக்குறைக்கு, ஒரே செல்லில் அந்த மரபணுவுக்குப் பல பிரதிகள் உண்டு. அவையே தமக்குள் சில எழுத்துகள் வேறுபடும். பழைய ஆய்வுகளில் ஹைட்ரோஃபிலா என்று பெயர் வாங்கிய பல மாதிரிகள் பின்னர் வெரோனி, தாகென்சிஸ் என்ற வேறு ஏரோமோனாஸ் இனங்களாக மாறியது இதனால்தான். வெரோனியின் மூல மாதிரியோடு (அந்த இனத்துக்கு அடையாளமாக வைத்திருப்பது) சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை, அதாவது இரு மரபணுத்தொகுதிகளின் டிஎன்ஏ எழுத்துகள் ஒத்துப்போகும் அளவு, 96 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் முதலில் மரபணுத்தொகுதியின் அளவைப் பாருங்கள். 45 லட்சம் டிஎன்ஏ எழுத்து இணைகளை ஒட்டி இருந்தால் சரி. 80, 90 லட்சம் என்றால் இரண்டு பாக்டீரியா கலந்திருக்கிறது. தோல் புண்ணில் எடுத்த மாதிரியில் இது அடிக்கடி நடக்கும். சிறுநீரகத்திலிருந்து எடுத்து, ஒற்றைக் காலனியாகப் பிரித்து மறுபடி வளர்த்துவிடுங்கள்.

அப்புறம், மருந்து எதிர்ப்பு மரபணுப் பட்டியலில் சிபிஎச்ஏ (கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியின் மரபணு) வந்தால் பதற வேண்டாம். அது இந்த இனங்களின் குரோமோசோமிலேயே பரவலாக இருப்பது. பிளாஸ்மிடில் (ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய தனி டிஎன்ஏ துண்டு) இருப்பவற்றைத்தான் கவனமாகப் பாருங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து மருந்துகளோடு சோதித்த முடிவே வேண்டும்.