அமெரிக்காவில் விசா இல்லாத தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா?

புதுக்குடியிருப்பில் இருந்து பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள், அக்கா. 2009இல், போரில் இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்த மெனிக்பாம் முகாமில் ‘பதிவு’ என்றால் என்னவென்று பார்த்த நமக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனாலும் நெஞ்சுவலியோடு அறைக்குள் கிடப்பதுதான் பெரிய ஆபத்து. தம்பியைப் போகச் சொல்லுங்கள்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து, ஆபத்தைத் தணித்தே ஆகவேண்டும். காசு, விசா பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. விசா இல்லாதவரைக் குடிவரவுத் துறைக்கு அறிவிக்கும் கடமையும் வைத்தியருக்கு இல்லை. டெக்சாஸ், புளோரிடா ஆஸ்பத்திரிகளில் விசா நிலையைக் கேட்பார்கள். பதில் சொல்ல மறுக்கலாம், சிகிச்சை நிற்காது. பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிகளில் கைது செய்வதைத் தவிர்க்கும் கொள்கை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. காத்திருக்கும் கூடம் பொது இடம், அதிகாரிகள் வரலாம். சிகிச்சை அறைக்குள் வர, நீதிபதி கையொப்பமிட்ட ஆணையை ஆஸ்பத்திரி கேட்கலாம். குடிவரவுத் துறை தானே எழுதிய தாள் அதற்குப் போதாது. தம்பி வாய் திறக்காமல் இருக்கலாம், அதுவும் உரிமைதான்.

அப்புறம், ஆங்கிலம் கஷ்டமென்றால் இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கட்டும். மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச மருத்துவ உதவி) கேட்டு விண்ணப்பிக்க முன் மட்டும் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரோடு கதைப்பது அவசியம். மெடிக்கெய்ட்டில் சேர்ந்தவர்களின் விபரங்கள் 2025இல் குடிவரவுத் துறையோடு பகிரப்பட்டன.