குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம்: இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது?

கேள்வி: ஒரே நாட்டிலேயே ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஈய அளவு அதிகம், இன்னொரு பகுதியில் குறைவு என்கிறார்களே, ஏன்?

பதில்: ஈயம் உள்ளே வரும் வழி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் முதல் குற்றவாளி பழைய பெயின்ட். வீடுகளுக்கு ஈய பெயின்ட் அடிப்பதை 1978-ல் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீடுகள் வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் அதிகம், பாதிப்பும் அங்கேதான் அதிகம். உதிர்ந்த பெயின்ட் தூசியாகித் தரையில் கிடக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும், அவ்வளவுதான்.

ஜார்ஜியா கதை வேறு (நாட்டைச் சொல்கிறேன், அமெரிக்க மாநிலத்தை அல்ல). அங்கே 2018-ல் நடந்த கணக்கெடுப்பில் 41 சதவீதக் குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. மேற்குப் பகுதியில் மிக அதிகம், கிழக்கே குறைவு. அங்கே பெரிதாகச் சந்தேகப்பட்டது மசாலாப் பொடியை.

கேள்வி: பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியாச்சே?

பதில்: ஆமாம், கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஆனால் மண்ணில் படிந்த ஈயம் மட்கிப் போகாது. ஜாம்பியாவின் காப்வே ஈயச் சுரங்கம் 1994-லேயே மூடப்பட்டது. அந்தத் தூசியில் இன்றும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். போதாததற்குப் பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் தொழில் வேறு. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ஈய அளவு 5-ஐத் தொட்டிருக்கிறது.

கேள்வி: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஈயம் போகுமா?

பதில்: போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

கேள்வி: எங்கள் பகுதியின் சராசரி குறைவு. குழந்தைக்குப் பரிசோதனை தேவையா?

பதில்: சராசரியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வீடு எவ்வளவு பழையது, வீட்டில் யாராவது பேட்டரி, உலோகம் உருக்குதல், பெயின்ட் சுரண்டுதல் போன்ற வேலையில் இருந்து அதே உடையோடு திரும்புகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒன்று, இரண்டு வயதிலேயே மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துவிடுவது நல்லது. விரல் நுனியில் எடுத்த ரத்தம் அதிகம் காட்டினால், தோலில் ஒட்டிய தூசிகூடக் காரணமாக இருக்கலாம். நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்யுங்கள். அப்புறம், இதைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2021 முதல் வைத்திருக்கும் 3.5 (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்) என்ற அளவு பாதுகாப்பு எல்லை அல்ல. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஈயம் வெளியேறுமா?

பதில்: இரும்பு, கால்சியம் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். அந்தக் குறையைச் சரிசெய்வது உதவும். உள்ளே போனதை அது வெளியேற்றாது. 'ஈயம் நீக்கும்' பொடிகளை நான் பக்கத்திலேயே சேர்க்க மாட்டேன். வெளியேற்றும் மருந்தை வழக்கமாக 45-ஐ எட்டினால்தான் தருவார்கள், அதுவும் ஈயம் வரும் வழியை அடைத்த பிறகு.

கேள்வி: எங்காவது சரிசெய்திருக்கிறார்களா?

பதில்: வங்கதேசத்தில். மஞ்சளுக்கு நிறமேற்ற ஈய குரோமேட் கலந்தார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. எச்சரிக்கை, சோதனை, அபராதம் என்று அரசு இறங்கியதும் 2021-ல் ஒரு மாதிரியில்கூட இல்லை.