கடலோரத்தில் உள்ள தாத்தா காலத்து வீட்டை வெளிப்புறம், தோட்டம், உள்புறம் என்று முழுக்கச் சீர்படுத்த எதிலிருந்து தொடங்கலாம்?

மற்றவர்களும் படிப்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் உங்கள் தாத்தா கட்டிய காரை வீடு. பின்கட்டில் அப்பா 1992-ல் சேர்த்த கான்கிரீட் அறைகள். முன்சுவர் பொரிந்து விழுகிறது, தோட்டத்தில் வைத்தது எதுவும் பிடிக்கவில்லை, உள்ளே இருட்டும் ஈர வாடையும். பொங்கலுக்கு வந்து மூன்று மாதம் தங்கி வேலை பார்க்கப் போகிறீர்கள். முதலில் நல்ல பெயின்ட் அடித்து முகப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயின்ட்டைக் கடைசிக்கு வையுங்கள். நம் கரையில் வீட்டைத் தின்பது உப்பு. தரையிலிருந்து ஓதமாக ஏறுகிறது, காற்றில் வந்து படிகிறது, கலவை மணலிலும் தண்ணீரிலும் கலந்து நாமே அதை உள்ளே கொண்டுவருகிறோம். எந்த வழியில் வருகிறது என்று பார்த்து அதைத் தடுக்காமல் செய்கிற வேலை ஒரு மழைகூடத் தாங்காது.

எங்கள் வீடு மண்டபம் பக்கம், வடகடலை, அதாவது பாக் விரிகுடாவைப் பார்த்தது. சில வருடங்களுக்கு முன் நானும் முகப்பிலிருந்துதான் தொடங்கினேன். வந்த கொத்தனார் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, தண்ணீர் புகாது என்று விற்கிற பெயின்ட்டை இரண்டு கை அடித்துக் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கு வீடு கண்ணைப் பறித்தது. அடுத்த ஆடிக்குள் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக ஊதி, தொட்டால் உள்ளேயிருந்து மாவாகக் கொட்டியது. அம்மா தினமும் காலையில் திண்ணையைக் கூட்டி ஒரு முறம் அள்ளுவார்கள்.

பிறகு மாமா பெரியபட்டினம் பக்கமிருந்து வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துவந்தார். அவர் கரண்டியின் பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். கீழே பொத்துப்பொத்தென்று சத்தம். நெஞ்சு உயரம் தாண்டியதும் கணீரென்று கேட்டது. வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "செவுத்துக்கு மூச்சு முட்டுது தம்பி. கீழ குடிச்ச தண்ணிய எங்கிட்டு விடும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் நுண்துளை வழியாக ஆவியாகிவிடும், உப்பு மேலே பூக்கும், துடைத்தால் போய்விடும். அதன் மேல் சிமென்ட்டும் பெயின்ட்டும் போட்டு மூடினால் ஈரம் வழி தேடி இன்னும் உயரே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகிப் பருத்து, பூச்சை வெளியே தள்ளும்.

அதனால் உங்கள் முன்கட்டில் சிமென்ட் பூச்சு எங்கெல்லாம் இருக்கிறதோ அதை வந்ததும் கொத்தி எடுத்துவிடுங்கள். சுவரைக் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்ததைச் சுவரடியில் விடாமல் அள்ளித் தூரக் கொட்டுங்கள். மாசி முழுக்கச் சுவர் வெறுமனே நின்று காயட்டும், பூக்கப் பூக்கத் தேய்த்து எடுங்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனி பிறந்ததும் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். எங்களுக்கு வந்தவர் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்துப் பூசி, வெயிலும் காற்றும் சட்டென்று உறிஞ்சிவிடாமல் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டார். சாந்து நன்றாக இறுகிய பிறகு வெள்ளையடித்தோம். வருடாவருடம் பொங்கலுக்கு ஒரு கை அடிக்கிறோம். முன்சுவர் இன்றுவரை நிற்கிறது.

சுவரடியையும் பாருங்கள். காற்று கொண்டுவந்து குவித்த மணல் பல வருடத்தில் பேஸ்மட்டத்தை மூடியிருக்கும். அதைத் தோண்டி இறக்கி, சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சரளை கொட்டுங்கள். அந்த இடத்தில் சிமென்ட் தளம் போடாதீர்கள். பழைய சுவரில் பவளக்கல் தெரிந்தால் இருக்கிறபடியே விட்டுப் பூசுங்கள். புதிதாக யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்கக் கூடாது, 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

பின்கட்டு வேறு கதை. அங்கே எதிரி கம்பித்துரு. துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் வீங்கி, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். தூணிலும் சன்ஷேடிலும் கம்பி போகிற நேர்கோட்டில் விரிசல் இருந்தால் அதுதான். மேலே சிமென்ட் பால் தடவி மறைப்பது கூடவே கூடாது. பொரிந்ததைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துத்தநாக ப்ரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் யாரும் கை வைக்க வேண்டாம், தளம் தலைக்கு மேல் இருக்கிறது. புதிதாகக் கான்கிரீட் போட்டால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கடலோரத்துக்குச் சொல்வது குறைந்தது எம் 30 தரம், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் (கவர்). உள்ளூரில் வழக்கமாக விடுகிற ஓர் அங்குலம் போதாது. கலவைக்கும் கியூரிங்குக்கும் குடிக்கிற தண்ணீர்தான். கரை மணல் ஒரு சட்டி கூட வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால் நம் காற்றின் குணம் புரியும். கேட், கிரில், கைப்பிடி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் செய்வதானால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகத் தருவது 304, கடல் காற்றில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும்.

உங்கள் வீடு கரையிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் என்று நினைக்கிறேன். கூடுதலாக அறையோ மாடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியை முதலில் விசாரியுங்கள்.

தோட்டத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்களுக்குத் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் உங்கள் பக்கம் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே நேர்மாறு. ஆகவே உங்கள் தோட்டத்தைக் கெடுப்பது தென்மேற்கு மூலை. அங்கே காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினால் காற்று ஏறிக் குதித்து உள்ளே சுழன்றடிக்கும். பனைமட்டை வேலியை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலி, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆறடி வேலிக்குப் பின்னால் அறுபதடி உங்களுக்குக் கிடைக்கிறது.

அந்த மறைவில் பூவரசும் புன்னையும் முதல் வரிசை. அவை ஆள் உயரம் வந்த பிறகு உள்ளே வேம்பு, கொடுக்காப்புளி, சப்போட்டா. இவை உப்பு தாங்கும். பூவுக்கு அரளி, நித்தியகல்யாணி, காகிதப்பூ. அரளி விஷம், சின்னப் பிள்ளைகளும் ஆடும் இருந்தால் தள்ளி வையுங்கள். மா, வாழை, ரோஜா மூன்றையும் மறந்துவிடுங்கள். கரைப் பக்கம் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியைக் களை என்று பிடுங்கச் சொல்வார்கள், விடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

குழி மூன்றடிக்கு எடுத்து, கண்மாய்க் கரம்பையும் ஆட்டு எருவும் தென்னை நார்க் கழிவும் மணலோடு கலந்து நிரப்பி, மேலே ஓலை மூடாக்குப் போடுங்கள். தண்ணீருக்காக ஆழ்துளை போட வேண்டாம். நம் மண்ணில் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தனுஷ்கோடியில் கடலை ஒட்டிய மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது அதனால்தான். ஆழமாக உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்றச் செடி கருகும். உறைக்கிணறு போதும், கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். மாடியில் விழும் மழையைச் சல்லியும் மணலும் போட்டு வடிகட்டி அந்தக் கிணற்றுக்குள்ளேயே விடுங்கள்.

உள்புறத்துக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியிருக்காது. சுவர் காய்ந்தாலே ஈர வாடை பாதி போய்விடும். பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள். முன்கட்டில் வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் தரை ஈரம் சுவருக்குத்தான் போகும், நாங்கள் சுண்ணாம்புக் கலவை மேல் ஆத்தங்குடிக் கல் பதித்தோம். மின் இணைப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் இரும்புப் பெட்டிகள் துருப்பிடித்திருக்கும், பிளாஸ்டிக்குக்கு மாற்றி, மின்கசிவு 30 மில்லிஆம்பியர் வந்தாலே தானாக இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். ஈரச்சுவரில் கசியும் மின்சாரம் உயிரை எடுக்கும்.

ஒரு விஷயம், பொங்கலுக்கு வரும்போது வேலியும் குழியும் மட்டும் செய்யுங்கள், செடி நட வேண்டாம். ஐப்பசியில் ஒரு வாரம் விடுப்பு கிடைக்குமா பாருங்கள். முதல் மழை மண்ணின் உப்பைக் கீழே இறக்கியதும் நட்டால் மார்கழி வரை வானம் தண்ணீர் ஊற்றும். பூவரசைக் கன்றாக வாங்கிச் செலவழிக்காதீர்கள். எங்கள் வேலியில் கை மொத்தத்தில் கிளைகள் நிறைய இருக்கின்றன, வரும்போது சொல்லுங்கள், போத்து வெட்டி வைக்கிறேன்.