பாரோவில் வேலை, கார்லைலில் வீடு: சரிப்படுமா?

பாரோ கப்பல் கட்டும் தளத்தில் வேலை, இரண்டும் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியா கவுண்டி தானே, கார்லைலில் வீடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. கம்ப்ரியாவின் நடுவில் ஏரி மாவட்ட (லேக் டிஸ்ட்ரிக்ட்) மலைகள் உட்கார்ந்திருக்கின்றன, இங்கிலாந்தின் உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) உட்பட. ஊரெல்லாம் பெரும்பாலும் ஓரத்தில்தான். கார்லைலிலிருந்து கடற்கரை ரயிலில் பாரோவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் கடல், வழியில் செல்லாஃபீல்டு அணு வளாகம், எல்லாம் ஒருநாள் பார்க்க அழகு. தினமும் முடியாது.

பாரோவிலேயே பாருங்கள். தளத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் நிறைய. பாலம் தாண்டி வால்னி தீவில் விக்கர்ஸ் என்ற கப்பல் நிறுவனம் தொழிலாளிகளுக்காகக் கட்டிய விக்கர்ஸ்டவுன் குடியிருப்பும் இருக்கிறது. காற்றுதான் ஆளைத் தள்ளும். கொஞ்சம் அமைதி வேண்டுமானால் பக்கத்து ஊர் அல்வர்ஸ்டன், பாரோவிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான்.

அப்புறம் பள்ளி விண்ணப்பம். நீங்கள் தேடும் கம்ப்ரியா கவுண்டி கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) இப்போது இல்லை, 2023 ஏப்ரல் 1 அன்று கலைத்துவிட்டார்கள். முன்பு பள்ளி, சாலை எல்லாம் அவர்களிடம். குப்பையும் வரி வசூலும் மாவட்டக் கவுன்சிலிடம். இப்போது எல்லாமே ஒரே இடம். பாரோவும் அல்வர்ஸ்டனும் 'வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னஸ்' கவுன்சிலில் வரும், கார்லைல் 'கம்பர்லண்ட்' கவுன்சிலில். வருட நடுவில் சேர்ப்பதானால் 'இன்-இயர்' விண்ணப்பம் என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும், முகவரிச் சான்று கேட்பார்கள்.