பசார் கெடேவுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

இரண்டு இதழ்களுக்கு முன்பு இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் உள்ள பசார் கெடே என்ற பழைய சந்தையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த முறை முழுக்க அந்தச் சந்தைதான்.

கேள்வி: ஜாவா போகிறவர்கள் யோக்யகர்த்தாவில்தான் தங்குகிறார்கள். அங்கேயே பெரிங்ஹார்ஜோ என்று பழைய சந்தை இருக்கும்போது சோலோ எதற்கு? (மதுரை வாசகர்)

பெரிங்ஹார்ஜோவுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலியோபோரோ தெருவின் தென்கோடியிலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் பாத்திக் துணிதான், அதுவும் பாதிக்குமேல் நம்மைப் போல் வந்துபோகிறவர்களுக்காக. பசார் கெடேயில் விற்பது அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்குச் சமைக்கப்போகிற காய், தேங்காய், மீன், டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி. யோக்யகர்த்தாவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், டிக்கெட் 8,000 ரூபியா, நம் பணத்தில் ஐம்பது ரூபாய்கூட இல்லை. வரைபடத்தில் சுரகர்த்தா என்று போட்டிருந்தால் குழம்பாதீர்கள், அதுவும் சோலோவும் ஒன்றுதான். 1745-இல் அரசர் கர்த்தசுராவை விட்டு சாலா என்ற கிராமத்துக்கு அரண்மனையை மாற்றினார், அந்த சாலாதான் வாயில் புரண்டு சோலோ ஆனது.

கேள்வி: கட்டடத்தைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதில் என்ன விசேஷம்? (கோவை, கட்டடக்கலை மாணவி)

ஒரு வரியில் முடித்தது என் தப்புதான். கட்டியவர் தாமஸ் கார்ஸ்டன், ஆம்ஸ்டர்டாமில் பிறந்து 1914-இல் ஜாவாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட டச்சுக்காரர். 1930-இல் திறந்த சந்தை இது. டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் அங்கே கட்டியதில் பல கட்டடங்கள் ஐரோப்பாவிலிருந்து பெயர்த்து வந்து வைத்ததுபோல் நிற்கும், இது அப்படி இல்லை. வெயிலையும் மழையையும் கணக்குப் போட்டுக் கட்டியது. கூரையைப் பெரிதாக இறக்கி விட்டிருக்கிறார், கூரை அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வெளிச்சமும் காற்றும் அந்த வழியாக வருகிறது. வெளியே பத்து மணி வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே பகலில் விளக்குப் போடாமலே தக்காளியின் சிவப்பு தெரிகிறது. வெங்காயம், கருவாடு, பழம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் மூச்சு முட்டவில்லை. நீங்கள் மாணவி என்பதால் சொல்கிறேன், நுழைவாயிலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், மாடிக்குப் போய்க் கீழே பாருங்கள், ஆள் நடமாட்டம் எப்படிப் பிரிந்து பிரிந்து போகிறது என்று அங்கிருந்துதான் தெரியும்.

கட்டடமும் நிறையப் பட்டிருக்கிறது. 1947-இல் டச்சுப் படையெடுப்பின்போது சேதமானது, 2000-இல் தீப்பிடித்தது. பழைய வடிவத்தையே பின்பற்றி மறுபடி கட்டினார்கள். அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடி மால் எழுப்பியிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்? கார்ஸ்டன் இதையெல்லாம் பார்க்க இல்லை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் ஆட்களை அடைத்துவைத்த சிமாஹி முகாமில் 1945-இல் இறந்துபோனார்.

முழுப்பெயர் பசார் கெடே ஹார்ஜோநகோரோ. கெடே என்றால் பெரிய. ஹார்ஜோநகோரோ என்பது அரண்மனைப் பட்டம் பெற்ற ஒரு சீன வம்சாவளிப் பிரமுகரின் பெயர், நகோரோ என்பது நம் நகரம்தான், ஜாவாக்காரர் வாயில் ‘அ’ பல இடங்களில் ‘ஓ’ ஆகிவிடும். பக்கத்திலேயே தியென் கோக் சீ என்ற சீனக் கோயில் இருக்கிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிப் போனால் தெரு முழுக்கச் சிவப்பு விளக்குக் கூண்டுகள், நடக்க இடம் இருக்காது.

கேள்வி: எந்தக் கிழமை சந்தை கூடும்? (பொள்ளாச்சி வாசகர்)

இது வாரச் சந்தை இல்லை, தினமும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது: லெகி, பாஹிங், போன், வகே, கிளிவோன். அதற்குப் பெயரே பசாரன், பசார் என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் எந்த நாளில் எங்கே சந்தை என்பது இதை வைத்துத்தான். சோலோவிலேயே பசார் லெகி, பசார் போன், பசார் கிளிவோன் என்று இடப்பெயர்கள் இருக்கின்றன. நம் பக்கம் புதன்சந்தை என்று ஊருக்கே பெயர் இருக்கிற மாதிரி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா? (கும்பகோணம் வாசகி)

பட்டினி இல்லை அம்மா, ஆனால் கண்ணை நம்பக்கூடாது. மொறுமொறுவென்று வறுத்து அடுக்கியிருப்பதில் மாட்டு நுரையீரல் வறுவலும் இருக்கும். காய்கறிதானே என்று வாங்கினால் சம்பலில் தெராசி, அதாவது இறால் விழுது, கலந்திருக்கும். ‘தன்பா தெராசி’ என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், தெராசி இல்லாமல் என்று அர்த்தம்.

கவலையில்லாமல் சாப்பிட லென்ஜோங்கான் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கையும் ஒட்டரிசியையும் வைத்து நாலைந்து விதமாக அவித்ததை வாழையிலையில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, மேலே தேங்காய்த்துருவல் தூவி, உருக்கிய ஜாவா வெல்லத்தை ஊற்றித் தருகிறார்கள். அந்த வெல்லத்தைப் பார்த்ததும் எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்துவிட்டது. சிரட்டையில் ஊற்றி எடுத்த அதே அரைவட்டம், அதே கறுப்பு. நம்முடையது பனை, அவர்களுடையது பெரும்பாலும் தென்னை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் தாவெட். சந்தைக்குள் ஒரு மரப்பலகையில் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சின்னக் கிண்ணத்தில் குடிக்கவேண்டும். பச்சை நிறத் துளிகள், அரிசிமாவுக் கூழ், கறுப்பு ஒட்டரிசி, ஊறி உப்பிய சப்ஜா விதை, தேங்காய்ப்பால், சர்க்கரைப்பாகு, ஐஸ். சப்ஜாவுக்கு அங்கே தெலாசிஹ் என்று பெயர், அதனால் தாவெட் தெலாசிஹ். ஒரு கிண்ணம் மூன்று நிமிஷத்தில் காலி. நான் இரண்டு குடித்தேன், மூன்றாவதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

கேள்வி: பேரம் பேசலாமா? ஏமாற்றுவார்களா? (சேலம் வாசகர்)

துணிக்குப் பேசுங்கள். அரைக்கிலோ பழத்துக்குப் பேசவேண்டாம், கேட்கிறவருக்கே கூச்சமாக இருக்கும். விற்பவர்கள் அநேகம் பேர் பெண்கள், அதில் பாட்டிகள் நிறைய, தெங்கோக் என்ற மூங்கில் கூடையைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு வருவார்கள். ‘பூ’ என்று கூப்பிடுங்கள், அம்மா என்கிற மாதிரி, ரொம்ப வயதானவர் என்றால் ‘எம்பாஹ்’. ‘பிந்தென்?’ என்றால் எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்பது. அந்த ஒரு வார்த்தைக்கே முகம் மலர்ந்துவிடும், அப்புறம் ஜாவானிய மொழியிலேயே மடமடவென்று பேச ஆரம்பிப்பார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏமாற்றுவதைவிட நாம் ஏமாறுவதுதான் அதிகம், பூஜ்யங்களால். 10,000 ரூபியா நோட்டு ஊதா, 1,00,000 நோட்டு சிவப்பு. அவசரத்தில் நான் சிவப்பை நீட்டிவிட்டேன். இஞ்சி விற்ற பாட்டி நோட்டை வாங்காமல் என் பர்ஸைக் காட்டி, ஊதா நோட்டைத் தானே விரலால் இழுத்துக்கொண்டு, சிவப்பை உள்ளே தள்ளிவிட்டார்.

கேள்வி: தலைப்புக்குப் பதில்? (இது நானே கேட்டுக்கொண்டது)

காலை ஆறு மணி. எட்டு வரை சுற்றுங்கள், அப்புறம் தாவெட். சாயங்காலம் போனால் பெரும்பாலும் பூட்டிய கடைகளைத்தான் பார்க்கலாம்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வரலாம்? (மூன்று பேர்)

இன்திப். பானை அடியில் பிடித்த சோற்றைத் தட்டு தட்டாகக் காயவைத்துப் பொரித்தது, நம்ம காந்தலேதான், உப்பு போட்டதும் உண்டு, வெல்லம் ஊற்றியதும் உண்டு. பெட்டியில் போடாதீர்கள், கையிலேயே எடுத்து வாருங்கள். நான் பெட்டியில் போட்டேன், வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவல்.